கொதிக்க வைத்துத்தான் குடித்தோம், அப்புறம் எப்படி வயிற்றுப்போக்கு?

ஏழாம் மாடி:
வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் பிளாட் வீடு. போன மாதம் குழாய் வெடித்து மூன்று நாள் தண்ணீர் இல்லை. 2024 ஜனவரியில் சுங்கை டூவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றத் தண்ணீரை அடைத்தார்களே, அப்போது பட்ட பாட்டில் இந்த முறை இரண்டு நீலத் தோங் (பீப்பாய்) நிரப்பி வைத்திருந்தேன். முதல் நாளே கழிவறைக்கும் குளிக்கவும் தீர்ந்துவிட்டது. பிறகு லோரியில் கொண்டுவந்து தருகிற தண்ணீர்தான். லிஃப்டும் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது, அந்தக் கதை வேண்டாம்.

குடிக்கிற தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கொதிக்க வைத்தேன். பெரிய எவர்சில்வர் பானையில் ஆற வைத்து, தட்டுப் போட்டு மூடினேன். இருந்தும் மூன்றாம் நாள் இரவு நான்கு வயது மகனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் மாமியாருக்கு. இருவரும் தேறிவிட்டார்கள். கொதித்தது போதவில்லையா? எங்கே தவறினேன்?

பழைய மிஸ்ஸி:
தங்கச்சி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். பத்து நிமிடம் வைத்து கேஸை வீணாக்காதீர்கள். நான் கேட்பது வேறு: பானையிலிருந்து எப்படி எடுத்தீர்கள்? கை எப்படிக் கழுவினீர்கள்?

ஏழாம் மாடி:
குவளையால் மொண்டுதான். மகனும் அவனே மொண்டு குடிப்பான். கை கழுவ... மிச்சம் பிடிக்க எல்லாரும் ஒரே வாளியில்தான் முக்கினோம் மிஸ்ஸி. எழுதும்போதே புரிகிறது.

பழைய மிஸ்ஸி:
நர்ஸாக வார்டில் முப்பது வருடம் இதைத்தான் பார்த்தேன். அடுப்பில் சாகிற கிருமி குவளை வழியாகத் திரும்பி வரும். குழாய்த் தண்ணீரில் கொஞ்சமாவது குளோரின் இருக்கும். கொதிக்க வைத்தால் அதுவும் போய்விடும். பிறகு ஒரு விரல் பட்டாலும் தடுக்க அதில் ஒன்றுமில்லை. கழிவறைக்குப் போய்வந்த கையை வாளியில் முக்கினால், அடுத்து முக்குகிறவருக்கும் அதே கிருமிதான். ஒருவர் ஊற்ற ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அரைக் குவளை போதும். சட்னி அரைக்கவும் பல் துலக்கவும் பச்சைக் காய்கறி அலசவும்கூடக் கொதித்த தண்ணீர்தான்.

கேஸும் இல்லாத நாளில், வாசனை சேர்க்காத 5–6 சதவீத குளோரின் பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, அரை மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். கலங்கலாக இருந்தால் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டிய பிறகு. போத்தலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள், வாசனை பிளீச் கூடவே கூடாது.

பிள்ளைக்குப் போக்கு தொடங்கினால் மருந்துக்கடை உப்புக் கரைசல் பொட்டலம்தான் முதலில். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. மடக்கு மடக்காகக் கொடுங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ கரைசலோடு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

செந்தூல் வாசி:
மிஸ்ஸி சொன்னதும் எங்கள் தோட்டத்து லயத்து வீடு ஞாபகம் வந்தது. கிணற்றுத் தண்ணீர்தான். அம்மா காய்ச்சி, அலுமினியக் கேத்திலிலேயே வைத்திருப்பார். மூடியைத் தொட்டால் அகப்பைக் காம்பால் அடி. மூக்கு வழியாகத்தான் ஊற்ற வேண்டும். கஞ்சத்தனம் என்று அப்போது நினைத்தேன்.

ஒன்று மட்டும். இங்கே கோலாலம்பூர் பக்கம் 2020 செப்டம்பரில் ஆற்றில் கரைப்பான் நாற்றம் அடித்துச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்களே, அந்த மாதிரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. டீசல், தின்னர் நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள். லோரிக்காரர் திட்டினாலும் பரவாயில்லை.

அது சரி, என் வீட்டில் கரி ஃபில்டர் இருக்கிறது. அது போதாதா?

பழைய மிஸ்ஸி:
போதாது. கரி நாற்றத்தையும் குளோரினையும் பிடிக்கும், கிருமியைக் கொல்லாது. லோரித் தண்ணீரை அதில் ஊற்றினால் கிருமி உள்ளேயே குடியிருக்கும். தண்ணீர் திரும்பி வரும்போதும் முதலில் வருகிற பழுப்புத் தண்ணீரைக் கழிவறைக்குப் பிடித்துவிட்டு, தெளிந்த பிறகு ஃபில்டரைத் திறங்கள்.

ஏழாம் மாடி:
நேற்று பத்து லிட்டர், கீழே குழாய் வைத்த தோங் வாங்கிவிட்டேன். மாமியாருக்குப் பிடிக்கவில்லை. குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறதாம், மூடியைத் திறந்து மொள்ளப் பார்க்கிறார். செலோடேப் சுற்றி வைத்திருக்கிறேன்.