அலியைப் பார்க்கப் போன ஃபிரேசியர் ரசிகர்

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நானும் பார்த்திருக்கிறேன். 1980 தொடக்கத்தில், மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில். நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டைவிரல் அளவுதான் தெரிந்தார். எம்.ஜி.ஆரும் வந்திருந்ததால், பக்கத்திலிருந்தவர்களில் பாதிப் பேர் யாரைப் பார்ப்பது என்று தவித்தார்கள்.

கூட்டிப்போன அப்பா அலி ரசிகர் இல்லை. ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்கு ஜோ ஃபிரேசியர்தான் எல்லாம். பிலடெல்பியாவில் மாடு வெட்டும் தொட்டியில் வேலை பார்த்த ஆள் உலக சாம்பியன் ஆனதில், ஏதோ சொந்தத் தம்பி ஜெயித்த மாதிரி ஒரு பெருமை. 1971-ல் நியூயார்க்கில், பதினைந்தாவது ரவுண்டில் ஃபிரேசியரின் இடது கை ஹூக்கில் அலி மல்லாந்ததைப் பேப்பரில்தான் படித்திருந்தார். ஆனால் சோற்றுக்கையோடு எழுந்து நடித்துக் காட்டுவார்.

அலிமேல் அவருக்கு ஒரு வழக்கு இருந்தது. வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காக 1967-ல் அலியின் பட்டத்தைப் பறித்தார்கள் இல்லையா, மறுபடி ரிங்கில் ஏறுவதற்கு அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் ஃபிரேசியரும் ஒருவர். அதே ஃபிரேசியரை வெள்ளைக்காரர்களின் ஆள் என்றும், 1975 மணிலா சண்டைக்கு முன்னால் கொரில்லா என்றும் அலி கேலி செய்தார். கறுப்பர்களின் மானத்தைப் பேசிய வாய் இப்படியும் பேசலாமா என்பார் அப்பா. எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் போட்ட ஜார்ஜ் ஃபோர்மனை 1974-ல் கின்ஷாசாவில் அலி சாய்த்தாரே, அந்தப் பேச்சை மட்டும் அப்பா எடுக்கவே மாட்டார்.

அன்று அலியோடு காட்சிச் சண்டை போட்டவர் ஜிம்மி எல்லிஸ். அப்பா எழுந்து நின்று கைதட்டியது அவருக்குத்தான். எல்லிஸும் முன்னாள் உலக சாம்பியன், 1970-ல் அவரைத் தோற்கடித்துத்தான் ஃபிரேசியர் முழுப் பட்டத்தையும் வாங்கினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. துணைக்கு வந்த ஆளே சாம்பியன், அந்தக் காலம் அப்படி!

அலிக்கு அப்போது 38 வயது. இடுப்பில் சதை போட்டிருந்தது. திரும்பும்போது அப்பா, "குண்டாயிட்டான்டா" என்று மட்டும் சொன்னார்.

அந்த அக்டோபரில் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸ் அலியைப் பத்து ரவுண்டு அடித்தபின் அலியின் பயிற்சியாளர் சண்டையை நிறுத்தினார். மறுநாள் அதைப் பேப்பரில் படித்த அப்பா, டீயை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.