கணையக் கட்டிக்கு முழுவுடல் பெட் ஸ்கேன் எதற்கு?

கேள்வி:
வணக்கம். நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். 64 வயதான என் அம்மாவுக்குச் சென்ற மாதம் மஞ்சள் காமாலை கண்டது. சிடி ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது. அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்ன மருத்துவர்கள், அதற்கு முன் முழுவுடல் பெட்-சிடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். புற்றுநோய்தானா என்பதை அந்தப் படமே காட்டிவிடுமா? அப்படியானால் எண்டோஸ்கோபி வழியாக ஊசியால் திசு எடுக்கும் சோதனையைத் தவிர்க்கலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

மறுமொழி 1:
அணு மருத்துவப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெட் படத்தை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஊசியில் செலுத்தப்படும் எஃப்டிஜி என்ற கதிரியக்க மருந்து குளுக்கோஸைப் போன்றது. அதை மிகுதியாக உறிஞ்சும் இடமெல்லாம் படத்தில் ஒளிரும். புற்றுநோய்ச் செல்கள் அவ்வாறு உறிஞ்சும். அழற்சி கண்ட கணையமும் உறிஞ்சும். ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த கணைய அழற்சி அச்சு அசலாகப் புற்றுநோயைப் போலவே தோன்றுவதுண்டு, ஆனால் அது ஸ்டீராய்டு மருந்துக்கே அடங்கிவிடும். சிடி படத்தில் ஐயமில்லாதபோது திசுச் சோதனை இன்றியே அறுவை சிகிச்சைக்குச் செல்வது உண்டென்றாலும், முதலில் கீமோதெரபி தருவதானால் திசு எடுத்தே ஆக வேண்டும்.

பெட் ஸ்கேனின் உண்மையான பயன், நோய் வேறெங்கேனும் பரவியிருக்கிறதா என்று தேடுவதில்தான் இருக்கிறது. 2018இல் வெளியான பிரிட்டனின் PET-PANC ஆய்வில், 550 நோயாளிகளில் 45 சதவீதத்தினரின் சிகிச்சைத் திட்டத்தில் இந்த ஸ்கேன் தாக்கம் செலுத்தியது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் 20 சதவீதத்தினருக்கு அது நிறுத்தப்பட்டது. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளம் ஆகியவற்றை அகற்றும் விப்பிள் அறுவை சிகிச்சையிலிருந்து தேறுவதற்கு மாதக்கணக்காகும் என்பதால், கல்லீரலில் ஏற்கெனவே பரவியிருப்பதை முன்கூட்டியே அறிவது அம்மாவுக்கு வீண் வேதனையைத் தவிர்க்கும். ஆனால் வயிற்று உள்ளுறையில் கடுகளவாகப் படிந்திருக்கும் பரவல் இதில் தப்பிவிடலாம்.

மறுமொழி 2:
சகோதரி, சர்க்கரை அளவில் மிகவும் கவனமாக இருங்கள். என் கணவருக்கு ஸ்கேன் அன்று காலை சர்க்கரை 14 மில்லிமோல் (இந்தியக் கணக்கில் சுமார் 250) இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் எஃப்டிஜி கட்டிக்குள் சரியாகச் சேராதாம். பதற்றத்தில் கூடுதல் இன்சுலின் போட்டாலோ எஃப்டிஜி தசைகளுக்குள் போய்விடும். எனவே எந்தச் சர்க்கரை மருந்தை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள். இரண்டாம் முறை, ஊசி போட்டபின் மங்கலான அறையில் போர்வையுடன் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். கைபேசியைக்கூடத் தொடவிடவில்லை என்றார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நானும் முன்னெச்சரிக்கையாக முழுவுடல் எம்ஆர்ஐ எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
இப்போது வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுத்தால், தீங்கற்ற நீர்க்கட்டிகளெல்லாம் தென்பட்டு, அவற்றைத் துரத்திக்கொண்டு மேலும் பல சோதனைகளுக்கு அலைய நேரிடும். அம்மாவுக்குப் புற்றுநோய் உறுதியானால், பரம்பரையாகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடிய பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களுக்கான சோதனையைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். அதில் மாற்றம் தெரிந்து, அது உங்களுக்கும் வந்திருந்தால், கணையத்தை மட்டும் ஆண்டுதோறும் எம்ஆர்ஐ மூலமோ எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் மூலமோ கண்காணிப்பது குறித்து அப்போது பேசலாம்.