டார்ன் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்: சென்று வந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வருகிற செப்டம்பரில் தென் பிரான்சின் டார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சைக்கிளில் சுற்றிவர எண்ணியிருக்கிறேன். ஃப்ளோராக்கில் தொடங்கி, ஆற்றை ஒட்டிய சாலையில் சென்ட் எனிமி, லா மலேன் ஆகிய பழைய கல்வீட்டுக் கிராமங்களைக் கடந்து, ஜோன்ட் ஆறு டார்னில் கலக்கும் லெ ரோசியேவில் திரும்பி, ஜோன்ட் பள்ளத்தாக்கின் வழியே மெய்ருவெய்ஸ் சென்று, பெர்ஜுரே கணவாய் ஏறி மீண்டும் ஃப்ளோராக்கை அடைவது என் திட்டம். மொத்தம் 100 கிலோமீட்டருக்கும் மேல் வரும் இத்தூரத்தை ஒரே நாளில் முடிப்பதா, மெய்ருவெய்ஸில் தங்குவதா என்று முடிவு செய்ய இயலவில்லை.

அதைவிடப் பெரிய கவலை, பாறையைக் குடைந்து அமைத்த சுரங்கப்பாதைகள். சென்ற ஆண்டு வேறொரு மலைச்சாலையில், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் வெயிலிலிருந்து சுரங்கத்துக்குள் நுழைந்ததில் குழி தெரியாமல் முன்சக்கர ட்யூப் வெடித்தது. பின்னால் வந்த கார் ஒரு முழ இடைவெளியில் நின்றது. (தவறு என்னுடையதுதான்.) டார்ன் சாலையில் பகலிலும் முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் தேவைப்படுமா? செப்டம்பரில் வேன்களின் நெரிசல் எப்படி?

பெர்ஜுரே இறக்கத்தில்தான் 1960 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் பிரெஞ்சு வீரர் ரொஜே ரிவியேர் பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்தார். அத்துடன் அவருடைய பந்தய வாழ்க்கையே முடிந்தது. நானும் அதே பக்கமாக இறங்கவிருப்பதால், அங்கே தார் இப்போது எந்த நிலையில் உள்ளது, எந்த வளைவுகளில் சரளைக்கல் கிடக்கும் என்பதை அண்மையில் சென்றவர்கள் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும். என் சைக்கிளில் பின்பக்க மிகப்பெரிய பல்சக்கரம் 28 பற்கள். கணவாய் ஏற அது போதுமா, 32-க்கு மாற்ற வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.