முதல் சாவைப் பார்த்த மாணவியோடு எப்படிக் கதைப்பது?

நல்லூர்த் தாதி:
யாழ்ப்பாணத்தில் புற்றுநோய் வார்ட்டில் வேலை செய்கிறேன். இரண்டாம் வருடத் தாதியப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். போன கிழமை ஒரு ஐயா இறக்கும்போது ஒரு பிள்ளை கட்டிலடியில் நின்றாள். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டதும், மூச்சுத் திணறித்தான் சாகிறார் என்று பயந்து அழுதுவிட்டாள். "நர்ஸ் அழக்கூடாது" என்று யாரோ ஏசியிருக்கிறார்கள். அடுத்த நாள் ஆளைக் காணவில்லை. இன்னொன்று, "எனக்கு என்ன வருத்தம், பிள்ளை?" என்று நோயாளிகள் கேட்பார்கள். வீட்டுக்காரரோ சொல்ல வேண்டாம் என்றிருப்பார்கள். அதனால் பிள்ளைகள் கிட்டப் போகவே தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பென்ஷன் மிஸ்ஸி:
தங்கச்சி, அந்தச் சத்தத்தைப் பற்றி முதலே சொல்லி வைக்க வேண்டும். நினைவு மங்கி, விழுங்க முடியாமல் போன ஆளின் தொண்டையில் எச்சில் தேங்குவதால் வருவது அது. அநேகமாக அவருக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத்தான் வேதனை. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் பல நேரம் குறையும். மூச்சு நின்று நின்று வரும் என்பதையும் சொல்லுங்கள்.

சும்மா பார்த்துக்கொண்டு நிற்க விடாதீர்கள். வாயைத் துப்புரவாக்குவது, உதட்டை ஈரமாக்குவது என்று கைக்கு வேலை கொடுங்கள். பிள்ளைகள் அதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் கோபம்தான் வரும். பிறகு, பஸ் ஏற முதல் தேத்தண்ணி கொடுத்து இருத்தி, என்ன பார்த்தாய், எது மனதில் நிற்கிறது என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸை, அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கிற இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸும் தாதியாக இருந்துதான் டொக்டரானவர். மனசு, குடும்பம், காசு, கடவுள் எல்லாமே நோவுக்குள் அடக்கம் என்று சொன்னவர் அவர். அழுகிற பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள், ஏசினவருக்கும்தான்.

வடமராட்சிப் பெடியன்:
"என்ன வருத்தம்?" என்று கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம், நீயாகப் போட்டுடைக்கவும் வேண்டாம் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். "ஏன் ஐயா கேட்கிறீங்கள், என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, சிஸ்டருக்கும் டொக்டருக்கும் அறிவிக்க வேண்டும். பலர் தாங்களாகவே ஊகித்திருப்பார்கள். கடும் நோவுக்குக் கொடுக்கிற மோர்பீனுக்கும் பிள்ளைகள் பயப்படுவார்கள் அக்கா. குடிக்கிற மோர்பீனை 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோவு திரும்ப முதலே கொடுப்பது ஏன், மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து ஏன் என்று விளக்கிவிடுங்கள்.

நல்லூர்த் தாதி:
சரி, அவளுக்குப் போன் எடுத்தேன். திங்கள் வருகிறாளாம், என்னோடேயே வைத்திருக்கப் போகிறேன். மிஸ்ஸி, இரவு டியூட்டியில் சாவு நடந்தால், விடிய ஹொஸ்டலுக்குப் போகிற பிள்ளையோடு யார் இருந்து கதைக்கிறது?