எங்கள் டாக்டரைப் பற்றி மலர் போடுகிறோம், யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஐம்பது வருஷமாக ஒரே கிளினிக்கில் மூன்று தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஒரு சிறு மலர் போடுகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில்.

பட்டம், விருது எல்லாம் அரைப் பக்கம்கூட வராது. எனக்கு வேண்டியது அவர் பார்த்த மாற்றங்கள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போட்ட காலத்து ஆள். பெரியம்மை ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே, அதற்கு முன் அம்மை கண்டவர்களைப் பார்த்திருக்கிறாரா? வயிற்றுப்போக்குக்கு டிரிப் ஏற்றாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தபோது வீட்டார் நம்பினார்களா? இப்படிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுகிறார். "உங்கள் சாதனை என்ன?" என்றால் கை கழுவப் போய்விடுகிறார்!

சிக்கல் நோயாளிகளின் கதைகளில்தான். பெயரை மாற்றினாலும் வியாதி, வயது, வருஷம் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இறந்தவர்களின் ரகசியத்தையும் டாக்டர் காக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. அப்படியானால் குடும்பத்தாரின் சம்மதம் போதுமா, அல்லது அந்தக் கதைகளையே விட்டுவிடுவதா?

நர்ஸ், கம்பவுண்டராக வேலை பார்த்தவர்கள் இன்னும் என்ன கேட்கலாம் என்று சொல்லுங்கள். சம்மதக் கடித மாதிரி யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.