ஸ்டவுட் 1.036-இல் நின்றுவிட்டது, இறங்கவே மாட்டேன் என்கிறது. உதவி!

கரும்பானை:
வணக்கம். வீட்டில் போட்ட ஸ்டவுட் (கறுப்பு பியர்) அடர்த்தி 1.072-இல் தொடங்கியது (தண்ணீர் 1.000; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற எண் இறங்கும்). இப்போது 1.036. நாலைந்து நாளாக அதே எண்தான். ஏர்லாக்கில் (வாயு வெளியேறும் அடைப்பில்) ஒரு குமிழி கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் போத்தலில் அடைத்தாக வேண்டும். இப்படியே அடைத்துவிடலாமா?

நுரைமழை:
அடைக்காதீர்கள்! உண்மையிலேயே 1.036 என்றால் உள்ளே இன்னும் நிறைய சர்க்கரை இருக்கிறது. மூடிய பிறகு ஈஸ்ட் விழித்துக்கொண்டால் போத்தல் வெடிக்கும், கண்ணாடி சிதறும். என்ன ஈஸ்ட்? எத்தனை லிட்டர்? எதில் அளந்தீர்கள்?

க்ராய்டன்காரன்:
குளிர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். இந்த மாதத்தில் ஈஸ்ட் சுருண்டு அடியில் படுத்துவிடும். ஃபெர்மென்டரை (நொதிக்கும் கலனை) கம்பளியில் சுற்றி, மெதுவாக ஆட்டிவிட்டு, கொஞ்சம் சூடான அறையில் வையுங்கள்.

மால்ட்தம்பி:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேஷில், அதாவது மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) வெந்நீரில் ஊறவைக்கும்போது, சூடு அதிகமாகியிருக்கும். 70 டிகிரியைத் தொட்டால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமிலேஸ் நொதி சீக்கிரம் செத்துவிடும். அப்புறம் ஈஸ்ட் தின்னவே முடியாத டெக்ஸ்ட்ரின்தான் மிஞ்சும். கம்பளி சுற்றி என்ன பயன்? எத்தனை டிகிரியில் மேஷ் செய்தீர்கள்?

மூத்தமிடா:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. செய்முறை இல்லை, ஈஸ்ட் இல்லை, வெப்பநிலை இல்லை. பழைய இழைகளைப் படித்துவிட்டு, முழு விவரத்தோடு வாருங்கள். பதில் சொல்கிறவர்கள் ஜோசியர்கள் அல்ல.

கரும்பானை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டொராண்டோ, பேஸ்மென்ட், 17 டிகிரி. 19 லிட்டர். எஸ்-04 ஈஸ்ட் ஒரு பாக்கெட். மேஷ் 66 டிகிரி. பேல் மால்ட், சாக்லேட் மால்ட், பிளாக் மால்ட், கொஞ்சம் கிரிஸ்டல். இலங்கையின் லயன் ஸ்டவுட் போல வரவேண்டும் என்று ஆசை.

மூத்தமிடா:
வறுத்த பார்லி எங்கே? அது இல்லாமல் என்ன ஸ்டவுட்? நீங்கள் போட்டிருப்பது போர்ட்டர் என்ற வேறு கறுப்பு பியர், கொஞ்சம் கனமாக.

பழையபீப்பாய்:
மூத்தவரே, இதை ஒப்புக்கொள்ள முடியாது. பிரிட்டனில் மால்ட் வரி 1880 வரை இருந்தது. மால்ட் ஆக்காத பார்லியை அதுவரை பியரில் போடச் சட்டம் விடவில்லை. 1817-இல் டேனியல் வீலர் மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் லண்டன் ஸ்டவுட்டுக்குக் கறுப்பைக் கொடுத்தது பிளாக் மால்ட்தான். அதையெல்லாம் ஸ்டவுட் இல்லை என்பீர்களா?

மூத்தமிடா:
அது சரித்திரம். நான் சொல்வது இன்றைய ருசி. அயர்லாந்தின் கின்னஸ் ஸ்டவுட்டில் வரும் அந்த உலர்ந்த காபிக் கசப்பு வறுத்த பார்லி தருவது. பிளாக் மால்ட்டை அள்ளிப் போட்டால் சாம்பல் வாடைதான் வரும்.

பழையபீப்பாய்:
அள்ளிப் போட்டால் எதுவுமே கெடும். லயன் ஸ்டவுட்டைக் கின்னஸை வைத்து அளக்காதீர்கள். 8.8 சதவீத ஆல்கஹால், அடர்த்தி, நாக்கில் சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும். கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம். இரண்டும் வேறு சாதி.

சென்னைவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதை இங்கே வீட்டில் செய்து பார்க்கலாமா?

நுரைமழை:
வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் வழக்கு.

கரும்பானைக்கு: எதில் அளந்தீர்கள் என்று கேட்டேனே?

கரும்பானை:
ரிஃப்ராக்டோமீட்டர். முதலில் 17.5 பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), இப்போது 9. அதைத்தான் 1.072, 1.036 என்று மாற்றி எழுதினேன்.

நுரைமழை:
அப்படியானால் பிரச்சினை உங்கள் பியரில் இல்லை. ரிஃப்ராக்டோமீட்டர் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் சர்க்கரையைச் சொல்கிறது. ஆல்கஹாலும் தண்ணீரை விட அதிகமாக ஒளியை வளைக்கும். அதனால் நொதித்த பிறகு வரும் எண் ஏறித்தான் தெரியும். இரண்டு எண்களையும் திருத்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 1.016-ஐ ஒட்டி வருகிறது. கிட்டத்தட்ட 7.3 சதவீத ஆல்கஹால். எஸ்-04-க்கு நல்ல வேலை.

ருசி பார்த்தீர்களா? 1.036 என்றால் உதடு ஒட்டும் அளவுக்கு இனிக்கும்.

கரும்பானை:
இப்போதுதான் அரை டம்ளர் எடுத்தேன். இனிப்பு குறைவு. முதலில் டிகாஷன் கசப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் லேசாகக் கருப்பட்டி. கொஞ்சம் ஆல்கஹால் சூடு.

மால்ட்தம்பி:
ஆனாலும் தெர்மோமீட்டரைச் சரிபாருங்கள். 66 என்று காட்டிவிட்டு 70-இல் நிற்கும் கருவிகள் உண்டு.

நுரைமழை:
சரிபார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் முதலில் ஒரு ஹைட்ரோமீட்டர் (மிதந்து அடர்த்தி காட்டும் கருவி) வாங்குங்கள். மாதிரியை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றுங்கள். குமிழி ஒட்டினால் கருவி மேலே தூக்கிக் காட்டும். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி அளந்து, அதே எண் வந்தால், போத்தலில் வாயு ஏற லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்துவிடலாம். புது ஈஸ்ட் போட வேண்டாம், மூடியை அடிக்கடி திறக்கவும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஆக்சிஜன் புகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், பிறகு போகாது.

க்ராய்டன்காரன்:
17 டிகிரி குளிர்தான் என்பது என் கட்சி.

கரும்பானை:
ஹைட்ரோமீட்டரில் 1.017. மறுபடி அளந்தேன், அதே. அடைத்தாயிற்று. நன்றி.

நுரைமழை:
நல்லது. போத்தல்களை அந்த பேஸ்மென்ட்டில் வைக்காதீர்கள், 20 டிகிரிக்குக் குறையாத அறையில் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். ஒன்றையாவது பிளாஸ்டிக் போத்தலில் அடைத்திருந்தால் கையால் அமுக்கிப் பாருங்கள், கல்லாக இறுகியிருந்தால் வாயு ஏறிவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பாதியைத் திறங்கள். மீதியைத் தள்ளி வைத்தால் அந்தச் சூடு அடங்கிவிடும்.