டெஃப் எஃப்என் வரியை #டிஃபைன் ஆக்கினேன்: 42 டைலுக்குப் பதில் 32.5 என்கிறது

தரைக்கணக்கு (கேட்டவர்)

வணக்கம். மாமாவின் டைல் கடையில் க்யூபேசிக்கில் (டாஸ் காலத்துப் பேசிக் நிரல்மொழி) எழுதிய ஒரு சின்ன நிரல் பல காலமாக ஓடிக்கொண்டிருந்தது. புதிய 64 பிட் விண்டோஸில் அது திறக்கவே இல்லை. அதனால் பேசிக்கின் இன்றைய வடிவங்களில் ஒன்றான ஃப்ரீபேசிக்குக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். பரப்பளவுக் கணக்கு பழைய நிரலில் ‘டெஃப் எஃப்என்’ (ஒரு கணக்குக்குப் பெயர் வைக்கும் கட்டளை) வரியாக இருந்தது. ஃப்ரீபேசிக் அதை ஏற்கவில்லை. எனவே இப்படி மாற்றினேன் (படிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன், நிரலில் எல்லாம் ஆங்கில எழுத்துகள்தான்; ‘நீ’ நீளம், ‘அ’ அகலம்):

#டிஃபைன் பரப்பு(நீ, அ) நீ * அ
பிரிண்ட் பரப்பு(12, 10) / 4
பிரிண்ட் பரப்பு(12 + 2, 10 + 2) / 4

2 அடிக்கு 2 அடி டைல் என்பதால் 4 ஆல் வகுக்கிறேன். முதல் வரி 30 என்று சரியாகச் சொல்கிறது. வெட்டுச் சேதத்துக்காக இரு பக்கமும் 2 அடி கூட்டிய இரண்டாவது வரி 42 தர வேண்டும், 32.5 தருகிறது. பிழைச் செய்தி, எச்சரிக்கை எதுவும் இல்லை. க்யூபேசிக்கில் இதே கணக்கு சரியாக வந்ததே?

அரைப்புள்ளி

கம்பைலர் (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் மென்பொருள்) பார்ப்பது நீங்கள் எழுதிய வரியை அல்ல. #டிஃபைன் உருவாக்குவது மேக்ரோ. மேக்ரோ கணக்குப் போடாது, ஒரு சொல் இருந்த இடத்தில் இன்னொரு வாசகத்தை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஒட்டிய பிறகு உங்கள் வரி இது:

பிரிண்ட் 12 + 2 * 10 + 2 / 4

பெருக்கலும் வகுத்தலும் முதலில் நடக்கும்: 20, 0.5. பிறகு கூட்டல்: 12 + 20 + 0.5. அதுதான் உங்கள் 32.5. முதல் வரியில் வெறும் எண்களைக் கொடுத்ததால் தப்பித்தீர்கள்.

ஒவ்வோர் உறுப்புக்கும் (நீ, அ போல உள்ளே தரும் மதிப்பு) அடைப்புக்குறி, முழு உடலுக்கும் ஒன்று:

#டிஃபைன் பரப்பு(நீ, அ) ((நீ) * (அ))

வெளி அடைப்புக்குறி எதற்கு என்று பலர் விட்டுவிடுவார்கள். மாமா சதுர அடிக்கு என்ன விழுந்தது என்று பார்க்க 8400 / பரப்பு(12 + 2, 10 + 2) என்று எழுதினால், அது இல்லாமல் 8400 / (14) * (12) ஆகிவிடும். 50 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 7200 வரும்.

பெயருக்கும் திறக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். விட்டால் ‘(நீ, அ)’ என்பதையும் மேக்ரோவின் உடலாகவே எடுத்துக்கொள்ளும்.

பழைய டாஸ்

அடைப்புக்குறி பதில் சரிதான். ஆனால் தம்பி, இந்த வேலைக்கு மேக்ரோவே தேவையில்லை என்பது என் கட்சி. டெஃப் எஃப்என் உண்மையான ஃபங்ஷன். 12 + 2 ஐ 14 ஆக்கிய பிறகே உள்ளே அனுப்பும். க்யூபேசிக்கில் சரியாக வந்தது அதனால்தான். அதற்கு ஈடாக ஃப்ரீபேசிக்கில் இருப்பது #டிஃபைன் அல்ல, இது:

ஃபங்ஷன் பரப்பு(நீ ஆஸ் டபுள், அ ஆஸ் டபுள்) ஆஸ் டபுள்
  ரிட்டர்ன் நீ * அ
எண்ட் ஃபங்ஷன்

‘டபுள்’ என்றால் தசம எண். இரண்டு வரி கூடுதல், அவ்வளவுதான். இன்னொன்று: கடையில் அரை டைல் விற்க மாட்டார்கள். 15க்கு 13 அறை என்றால் 48.75 வரும், 49 கொடுக்க வேண்டும். ‘இன்ட்’ எப்போதும் கீழ்நோக்கியே முழு எண்ணாக்கும். அதனால் மைனஸ் போட்டு உள்ளே அனுப்பி, வெளியே மீண்டும் மைனஸ் போடுங்கள்: -இன்ட்(-எண்ணிக்கை). இன்ட்(-48.75) என்பது -49, வெளி மைனஸ் அதை 49 ஆக்கும்.

தரைக்கணக்கு (கேட்டவர்)

இருவருக்கும் நன்றி. 42 வந்துவிட்டது, -இன்ட் வழியும் வேலை செய்கிறது. அடைப்புக்குறி தந்த தைரியத்தில் இன்னொரு மேக்ரோ எழுதினேன். கடையில் குறைந்தது 10 டைல் வாங்க வேண்டும்:

#டிஃபைன் பெரியது(க, ங) ஐஐஎஃப்((க) > (ங), (க), (ங))
பிரிண்ட் பெரியது(கேள்(), 10)

கேள்() என்பது ‘எத்தனை டைல்?’ என்று கேட்டு எண்ணை வாங்கித் தரும் ஃபங்ஷன். 6 என்று தட்டினால் 10 என்று சரியாகச் சொல்கிறது. 25 என்று தட்டினால் மறுபடியும் ‘எத்தனை டைல்?’ என்கிறது. இப்போது எல்லா இடத்திலும் அடைப்புக்குறி இருக்கிறது.

அரைப்புள்ளி

இதை அடைப்புக்குறி காப்பாற்றாது. ‘க’ மேக்ரோவில் இரண்டு இடத்தில் இருக்கிறது, ஆகவே கேள்() இரண்டு முறை ஒட்டப்படுகிறது: ஒப்பிட ஒன்று, விடையாகத் தர ஒன்று. ஐஐஎஃப் நிபந்தனை உண்மையானால் முதல் கிளையையும் இல்லையென்றால் இரண்டாவதையும் தரும்; தேவைப்படும் கிளையை மட்டுமே கணக்கிடும். அதனால்தான் 6 என்றபோது ஒரு முறையோடு நின்றது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. முதலில் 25 என்றும் இரண்டாவது கேள்விக்கு 3 என்றும் தட்டிப் பாருங்கள். ஒப்பிட்டது 25ஐ, கிடைப்பது 3. குறைந்தபட்ச வரம்பை வாடிக்கையாளர் சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்.

பெரியது என்பதையும் ஃபங்ஷன் ஆக்குங்கள். மேக்ரோதான் வேண்டுமென்றால் கேள்() தருவதை முதலில் ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு அந்த மாறியைக் கொடுங்கள்.

சந்தேகம் வரும்போதெல்லாம் எங்களைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம். கம்பைலரை ‘-பிபி’ விருப்பத்தோடு ஓட்டினால், ஒட்டுவேலை முடிந்த நிரலை ‘.பிபி.பாஸ்’ என்று முடியும் தனிக் கோப்பாக எழுதித் தரும். கேள்() இருமுறை நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வரி எண் 10

நடுவில் நுழைகிறேன். ஒற்றை எழுத்தில் #டிஃபைன் வைக்காதீர்கள். பேசிக்கில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. டைலின் பக்கத்துக்குப் பெரிய ‘டி’ என்று வைத்து 2 கொடுத்தால், கீழே ஏதோ ஒரு ஃபங்ஷனில் சிறிய ‘டி’ என்று பெயரிட்ட உறுப்பும் 2 ஆகிவிடும். கம்பைலர் குறைகூறும் வரி ஓரிடம், காரணம் வேறிடம். வெறும் எண்ணுக்குக் ‘கான்ஸ்ட்’ (மாறாத மதிப்புக்குப் பெயர் வைக்கும் கட்டளை) போதும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மேக்ரோ தொடாது, அது ஓர் ஆறுதல்.

அதற்காகப் பழைய டாஸ் சொல்வதுபோல மேக்ரோவை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். சோதனைக்கான பிரிண்ட் வரிகளை #இஃப்டெஃப் சோதனை, #எண்டிஃப் இரண்டுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். ‘சோதனை’ என்ற பெயரை #டிஃபைன் செய்திருந்தால் மட்டுமே அவை சேரும்; கடைக்குத் தரும் பிரதியில் அந்த வரிகள் இருக்கவே இருக்காது.

பழைய டாஸ்

நான் ஒதுக்கச் சொன்னது கணக்குக்கு மட்டும். #இஃப்டெஃப் பற்றி எனக்குச் சண்டை இல்லை.

தரைக்கணக்கு (கேட்டவர்)

பெரியது, பரப்பு இரண்டையும் ஃபங்ஷன் ஆக்கிவிட்டேன்; இப்போது ஒரே முறைதான் கேட்கிறது. கடைசியாக ஒன்று: ‘சோதனை’ என்பதை ஒவ்வொரு முறையும் கோப்பில் எழுதி அழிக்க வேண்டுமா?

வரி எண் 10

வேண்டாம். கம்பைல் செய்யும் கட்டளையிலேயே ‘-டி சோதனை’ என்று சேருங்கள். கடைப் பிரதிக்கு அதை விட்டுவிட்டுக் கம்பைல் செய்யுங்கள்.